போலி டெர்மினலும் சி மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சிஸ்டம் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும்போது பைப், சாக்கெட் வரைக்கும் வண்டி ஓடிவிடும். பிடிஒய் எனப்படும் போலி டெர்மினல் வந்தவுடன் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள், ஒரே கேள்வியைக் கேட்பார்கள். திரும்பத் திரும்பப் பதில் சொல்லிச் சலித்துப்போய்க் கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களையெல்லாம் தமிழ் ஒலிப்பில் கொடுத்திருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பிடிஒய் பிடிஒய்னு சொல்றீங்களே, அது உண்மையில என்ன சார்?

ஒரு காலத்தில் டெர்மினல் என்பது நிஜமான இயந்திரம். டெலிடைப் மாடல் 33 போன்ற தட்டச்சு இயந்திரங்கள் சீரியல் கம்பி வழியாகக் கணினியோடு பேசின. வேகம் விநாடிக்கு 10 எழுத்து. டிடிஒய் என்ற பெயரே அந்த டெலிடைப்பின் சுருக்கம்தான். கம்பியில் வரும் எழுத்துகளைச் சேர்த்து வரியாக்குவது, பேக்ஸ்பேஸ் வந்தால் ஒரு எழுத்தை அழிப்பது, கண்ட்ரோல்-சி வந்தால் ஓடுகிற புரோகிராமை நிறுத்துவது எல்லாம் கர்னலுக்குள் இருக்கும் ஒரு அடுக்கின் வேலை. அதன் பெயர் லைன் டிசிப்ளின்.

இயந்திரம் போய்விட்டது, அடுக்கு அப்படியே இருக்கிறது. கம்பி இருந்த இடத்தில் ஒரு புரோகிராமை உட்கார வைத்தால் அதுதான் போலி டெர்மினல். இதற்கு இரண்டு முனை. உங்கள் புரோகிராம் பிடித்திருப்பது மாஸ்டர். ஷெல்லோ விம்மோ நிஜ டெர்மினல் என்று நம்பிக்கொண்டிருப்பது ஸ்லேவ். எக்ஸ்டெர்ம், டிமக்ஸ், எஸ்எஸ்ஹெச் சர்வர் மூன்றுமே மாஸ்டர் பக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பவை.

ரெண்டு பைப் போட்டா போதாதா? எதுக்கு இப்படிச் சுத்தி வளைக்கணும்?

பல வேலைக்கு பைப் போதும். போதும் என்றால் பைப்பையே போடுங்கள், நிம்மதி. ஆனால் பைப்பில் ஒரு முனையில் போட்ட பைட் மறு முனையில் அப்படியே வரும். பிடிஒய்யில் அப்படி வராது, நடுவில் லைன் டிசிப்ளின் ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சிலதை மாற்றும், சிலதை விழுங்கும், சிலதை சிக்னலாக்கிவிடும், சிலதைத் திருப்பி அனுப்பும். கீழே வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஆளை மறந்துவிட்டதால் வந்தவை.

பிடிஒய் கட்டாயம் தேவைப்படுகிற இடங்கள் உண்டு. விம் மாதிரி முழுத்திரை புரோகிராம்கள், கண்ட்ரோல்-சி வேலை செய்ய வேண்டிய ஷெல், பாஸ்வேர்டை ஸ்டாண்டர்டு இன்புட்டில் வாங்காமல் /டெவ்/டிடிஒய் ஃபைலைத் திறந்து வாங்குகிற எஸ்எஸ்ஹெச். கடைசி ஆளுக்கு பைப்பில் எவ்வளவு ஊற்றினாலும் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

என் புரோகிராம் திரையில ஓடினா உடனுக்குடனே அவுட்புட் வருது, பைப்ல போட்டா கடைசியில மொத்தமா கொட்டுது. ஏன்?

இது கர்னலின் வேலையே இல்லை, சி நூலகத்தின் வேலை. ஸ்டாண்டர்டு அவுட்புட் டெர்மினலாக இருந்தால் பிரிண்ட்எஃப் எழுதுவது வரிக்கு வரி வெளியே போகும். பைப்பாக இருந்தால் பஃபர் நிரம்பும்வரை காத்திருக்கும். லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் பைப்புக்கு அது பொதுவாக 4096 பைட்.

சோர்ஸ் உங்கள் கையில் இருந்தால் எஃப்ஃப்ளஷ் போடுங்கள், கதை முடிந்தது. இல்லையென்றால் எஸ்டிடிபஃப் கட்டளை உதவும். ஆனால் அது நூலகத்தை இடைமறித்து வேலை செய்வதால் ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த புரோகிராமில் எடுபடாது. அங்கே பிடிஒய் கொடுத்து ஏமாற்றுவதுதான் வழி. ஸ்கிரிப்ட் என்ற பழைய கட்டளை அதைத்தான் செய்கிறது.

சரி, திறக்கிறது எப்படி? வரிசையா சொல்லுங்க.

முதலில் போசிக்ஸ்_ஓபன்பிடி. அதற்கு ஓ_ஆர்டிடபிள்யூஆர், ஓ_நோசிடிடிஒய் என்ற இரண்டு கொடிகளையும் கொடுங்கள். லினக்ஸில் உள்ளே நடப்பது /டெவ்/பிடிஎம்எக்ஸ் ஃபைலைத் திறப்பதுதான். திறக்கத் திறக்க ஒவ்வொரு முறையும் புது ஜோடி கிடைக்கும். அடுத்து கிராண்ட்பிடி, அன்லாக்பிடி. பிறகு பிடிஎஸ்நேம் கேட்டால் /டெவ்/பிடிஎஸ்/3 மாதிரி ஒரு பெயர் தரும். அந்தப் பெயரை ஓபன் செய்தால் ஸ்லேவ் கையில்.

இதில் ஒரு பழைய பொறி உண்டு. ஹெடர்களுக்கு மேலே _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் மேக்ரோவை 600 என்று வைக்க மறந்தால், கண்டிப்பான மோடில் கம்பைல் செய்யும்போது பிடிஎஸ்நேமின் அறிவிப்பு ஹெடரில் தெரியாது. கம்பைலர் அதை இன்ட் திருப்புகிற ஃபங்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் பாயிண்டரின் மேல் பாதி வெட்டுப்பட்டு, அடுத்த வரியில் செக்மென்டேஷன் ஃபால்ட். 'பிடிஎஸ்நேம் கிராஷ் ஆகுது' என்று வந்தவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் நோய். 2024இல் வந்த ஜிசிசி 14 இதை எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. நல்ல காரியம்.

கிராண்ட்பிடி, அன்லாக்பிடி ரெண்டையும் எடுத்துப் பார்த்தேன். ஒண்ணு இல்லாமலும் ஓடுது, இன்னொண்ணு இல்லாம ஓடல. ஏன்?

கிராண்ட்பிடி ஸ்லேவ் ஃபைலின் உரிமையாளரையும் அனுமதியையும் சரிசெய்ய வந்தது. இன்றைய லினக்ஸில் அந்த ஃபைல் உருவாகும்போதே டெவ்பிடிஎஸ் என்ற ஃபைல்சிஸ்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் விட்டாலும் தெரியாது. அன்லாக்பிடி அப்படி இல்லை, ஸ்லேவ் பிறக்கும்போதே பூட்டோடு பிறக்கிறது. பூட்டைத் திறக்காமல் ஓபன் செய்தால் ஈஐஓ (இன்புட்/அவுட்புட்) பிழை. இரண்டையும் எழுதிவிடுங்கள், வேறு யூனிக்ஸுக்குப் போகும்போது உதவும்.

ஃபோர்க்பிடிஒய் எல்லாத்தையும் ஒரே வரியில முடிச்சிடுதே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

நிஜ வேலையில் நானும் ஃபோர்க்பிடிஒய்தான் போடுகிறேன். திறப்பது, ஃபோர்க், புது செஷன் (ஒரே டெர்மினலைப் பகிரும் பிராசஸ்களின் கூட்டம்), ஸ்லேவை 0, 1, 2 மூன்றிலும் மாட்டுவது எல்லாவற்றையும் அது முடித்துவிடும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள்.

நடைமுறைத் தொல்லை இரண்டு. முதலாவது ஹெடர். லினக்ஸில் பிடிஒய்.ஹெச், மேக்கில் யுடில்.ஹெச், ஃப்ரீபிஎஸ்டியில் லிப்யுடில்.ஹெச். ஜிலிப்சி 2.34க்கு முன்பு என்றால் லிங்க் செய்யும்போது யுடில் நூலகத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, பெயர் வாங்குகிற ஆர்கியுமென்ட். எவ்வளவு பெரிய பஃபர் என்று சொல்லவே அதில் இடமில்லை. அங்கே நல் பாயிண்டரைக் கொடுத்துவிட்டு, பெயர் வேண்டுமென்றால் பிடிஎஸ்நேமில் தனியாகக் கேளுங்கள்.

நானே ஃபோர்க் பண்ணி டியூப்2 போட்டேன். பாஷ் வருது, ஆனா ஜாப் கண்ட்ரோல் இல்லைன்னு புலம்புது. கண்ட்ரோல்-சியும் எடுபடல.

ஸ்லேவை 0, 1, 2இல் மாட்டினால் அது ஃபோர்க்கில் பிறந்த சைல்டின் இன்புட், அவுட்புட் ஆகும், அவ்வளவுதான். சைல்டை ஆளுகிற டெர்மினல் (கண்ட்ரோலிங் டெர்மினல்) ஆகிவிடாது. கண்ட்ரோல்-சி அடித்தால் யாருக்கு சிக்னல் அனுப்புவது என்று லைன் டிசிப்ளினுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு சைல்டு முதலில் செட்சிட் கூப்பிட்டுப் பழைய செஷனிலிருந்து வெளியே வர வேண்டும். பிறகு டிஐஓசிஎஸ்சிடிடிஒய் என்ற ஐஆக்டிலை (சாதனத்துக்குக் கட்டளையிடும் சிஸ்டம் கால்) ஸ்லேவ் மேல் போட வேண்டும். டியூப்2 அதற்கு அப்புறம்.

லினக்ஸில் செட்சிட் ஆன பிறகு, ஓ_நோசிடிடிஒய் இல்லாமல் ஸ்லேவைத் திறந்தாலே அது தானாக ஆளுகிற டெர்மினல் ஆகிவிடும். பிஎஸ்டி வழியில் ஐஆக்டில் கட்டாயம். இரண்டும் இருக்கட்டும், கூடுதலாகப் போட்டால் நஷ்டமில்லை. செட்சிட்டை ஃபோர்க்குக்கு முன்னால் பேரன்டில் போட்டுவிட்டு ஈபெர்ம் வருகிறது என்று கேட்பவர்களும் உண்டு. பிராசஸ் குழுவின் தலைவருக்கு அந்த அனுமதி கிடையாது. ஷெல்லிலிருந்து ஓட்டிய புரோகிராம் பெரும்பாலும் தலைவராகத்தான் இருக்கும்.

நான் அனுப்பினதே எனக்குத் திரும்பி வருது அண்ணா. எங்கயோ லூப் ஆயிடுச்சா?

லூப் இல்லை, எக்கோ. தட்டுகிற எழுத்து திரையில் தெரிய வேண்டும் அல்லவா? அதைச் செய்வதும் அந்த நடு ஆள்தான். மாஸ்டரில் நீங்கள் எழுதுவதை 'யாரோ தட்டுகிறார்கள்' என்று நினைத்து, உங்கள் பக்கமே திருப்பிக் காட்டுகிறார். வேண்டாமென்றால் டிசிகெட்ஆட்டரில் இப்போதைய அமைப்பை வாங்கி, எக்கோ கொடியை எடுத்துவிட்டு, டிசிசெட்ஆட்டர் போடுங்கள். சைல்டில் புது புரோகிராமை ஏற்றும் எக்ஸெக்குக்கு முன்னாலேயே செய்துவிடுவது நல்லது. பின்னால் செய்தால் முதல் சில எழுத்துகள் தப்பித்துவிடும்.

இதன் தம்பிதான் 'ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கேரேஜ் ரிட்டர்ன் கூடுதலா வருது' என்ற புகார். ஓஎன்எல்சிஆர் கொடி புதுவரிக் குறியை இரண்டு பைட்டாக மாற்றுகிறது. எதிர்த்திசையில் ஐசிஆர்என்எல் கொடி, என்டர் விசையின் கேரேஜ் ரிட்டர்னைப் புதுவரியாக மாற்றுகிறது. ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டு டெஸ்ட் எழுதுகிறவர்கள் இங்கேதான் அரை நாளைத் தொலைப்பார்கள்.

அப்போ மொத்தமா ரா மோடுல போட்டுட்டா தொல்லை விட்டது இல்லையா?

ரா மோடு என்றால் லைன் டிசிப்ளின் எதையும் தொடாமல் அப்படியே விடுவது. வழக்கம்போல் வேலை பார்த்தால் அது சமைத்த நிலை. சரி, எந்த டெர்மினலை? கேள்விக்குள் குழப்பம் இருப்பதே இங்கேதான். உங்கள் புரோகிராமை ஒரு மனிதர் உட்கார்ந்து ஓட்டினால் களத்தில் இரண்டு டெர்மினல். ஒன்று அவர் முன்னால் இருப்பது, உங்கள் ஸ்டாண்டர்டு இன்புட். மற்றொன்று நீங்கள் உருவாக்கிய ஸ்லேவ். ரா மோடுக்குப் போக வேண்டியது முதலாவது. சிஎஃப்மேக்ரா போட்டால் கண்ட்ரோல்-சி வெறும் 3 என்ற பைட்டாக உங்களிடம் வரும். அதை மாஸ்டரில் எழுதினால் ஸ்லேவ் பக்கத்து லைன் டிசிப்ளின் பார்த்து, உள்ளே ஓடும் புரோகிராமுக்கு சிக்னல் அனுப்பும். இரண்டுமே சமைத்த நிலையில் இருந்தால் கண்ட்ரோல்-சி உங்களையே கொன்றுவிடும், எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும்.

வெளியேறும்போது பழைய அமைப்பைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். ஏட்எக்ஸிட்டில் பதிவு செய்யுங்கள், சிக்னலில் சாகும் வழிகளையும் பாருங்கள். சிக்கில் என்ற சிக்னல் வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பையன் ரா மோடில் விட்டு வெளியே வந்து, தட்டுவது எதுவும் தெரியவில்லை என்றதும் மெஷினையே ரீஸ்டார்ட் செய்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு எஸ்டிடிஒய் சேன் என்று அடித்து, என்டருக்குப் பதில் கண்ட்ரோல்-ஜே அடித்தால் போதும். அடிப்பது திரையில் தெரியாது, ஆனால் வேலை செய்யும்.

உள்ள ஓடுற புரோகிராமுக்கு 'இனிமே இன்புட் இல்லை'ன்னு எப்படிச் சொல்றது? மாஸ்டரை மூடினா அது செத்தே போயிடுது.

பைப்பில் எழுதும் முனையை மட்டும் மூடலாம். பிடிஒய்யில் பாதி மூடுவது கிடையாது. மாஸ்டரை மூடுவது போன் கம்பியைப் பிடுங்குவது மாதிரி, செஷன் தலைவருக்கும் முன்னணிக் குழுவுக்கும் சிக்ஹப் என்ற சிக்னல் போகும். அதைக் கையாளாத புரோகிராம் அங்கேயே முடிந்துவிடும்.

மனிதர் என்ன செய்வாரோ அதையே செய்யுங்கள், கண்ட்ரோல்-டி அனுப்புங்கள். மாஸ்டரில் 4 என்ற பைட். ஆனால் அது 'முடிந்தது' என்ற குறி அல்ல. 'இதுவரை சேர்ந்ததை இப்போதே கொடு' என்ற உத்தரவு. வரியின் தொடக்கத்தில் அனுப்பினால் சேர்ந்தது ஒன்றுமில்லை, ரீட் 0 திருப்பும், புரோகிராம் அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளும். பாதி வரியில் இருந்தால் இரண்டு முறை அனுப்ப வேண்டும். வரி வரியாகச் சேர்க்கச் சொல்லும் ஐகேனன் கொடி இல்லாத ஸ்லேவில் அது வெறும் 4தான், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

சைல்டு முடிஞ்சதும் ரீட் 0 தரும்னு பார்த்தா ஈஐஓ பிழை வருது. நான் எங்க தப்பு பண்ணினேன்?

எங்கேயும் இல்லை. ஸ்லேவைத் திறந்து வைத்திருந்த எல்லோரும் மூடிவிட்டால் லினக்ஸ் மாஸ்டரில் ஈஐஓ கொடுக்கும். மேக்கிலும் பிஎஸ்டிகளிலும் 0 வரும். இரண்டையும் 'முடிந்தது' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போல் என்ற ஃபங்ஷன் கொடுக்கிற போல்ஹப் (மறுமுனை மூடிவிட்டது) குறியைப் பார்த்ததும் ஓடிவிடாதீர்கள், போல்இன் சேர்ந்து வந்தால் இன்னும் தரவு மிச்சம் இருக்கிறது. ரீட் கைவிரிக்கும்வரை படியுங்கள்.

நேர் எதிரான புகாரும் வரும்: 'சைல்டு போயிடுச்சு, ரீட் மட்டும் தொங்கிட்டே இருக்கு.' பேரன்டில் ஸ்லேவை மூட மறந்திருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் சைல்டு பின்னணியில் விட்டுப்போன பேரன் ஒருவன் ஸ்லேவைப் பிடித்துக்கொண்டிருப்பான். அதனால் ஈஐஓவை மட்டும் நம்பாமல், சைல்டு முடிந்ததா என்று சொல்லும் வெயிட்பிட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பெரிய ஃபைலை மாஸ்டர்ல எழுதினா பாதியில தொங்குது. சில சமயம் தொங்கல, ஆனா டேட்டா காணாமப் போகுது.

இரண்டு வேறு நோய். தொங்குவது, நீங்கள் எழுதிக்கொண்டே இருந்து படிக்காமல் விட்டதால். உள்ளே இருப்பவர் வெளியே தள்ளுவதும் எக்கோவும் சேர்ந்து ஒரு திசை பஃபரை நிரப்பும். அவர் எழுத முடியாமல் நிற்பார், நிற்பதால் படிக்கவும் மாட்டார், அதனால் நீங்களும் நிற்பீர்கள். மாஸ்டரை நான்பிளாக்கிங்கில் வைத்து, போலில் இரண்டு திசையையும் ஒன்றாகப் பாருங்கள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் இடத்தில் சிறிய ஃபைலில் மட்டும் சோதித்துவிட்டு வந்துவிட்டேன். பெரிய ஃபைல் வந்த அன்று ராத்திரி போன் வந்தது.

காணாமல் போவது வரி நீளத்தால். சமைத்த நிலையில் லினக்ஸில் ஒரு வரிக்குப் புதுவரிக் குறியோடு சேர்த்து 4096 பைட்தான் இடம். அதற்கு மேல் வருவதை, புதுவரி வரும்வரை, லைன் டிசிப்ளின் சத்தமில்லாமல் வீசிவிடும். பேஸ்64இல் மாற்றிய ஃபைலை ஒரே நீள வரியாக அனுப்புகிறவர்கள் இதில் விழுவார்கள். வரியை மடித்து அனுப்புங்கள், இல்லையென்றால் ஸ்லேவில் ஐகேனனை எடுங்கள்.

விம் திரையில ஒரு மூலையில மட்டும் வரையுது. விண்டோவைப் பெருசாக்கினாலும் கண்டுக்க மாட்டேங்குது.

புதிதாகப் பிறந்த பிடிஒய்யின் அளவு 0க்கு 0. அதைப் பார்க்கும் புரோகிராம்கள் பெரும்பாலும் 80 பத்தி, 24 வரி என்று வைத்துக்கொள்ளும். அது 1978இல் வந்த விடி100 திரையின் அளவு. உங்கள் நிஜ டெர்மினலில் டிஐஓசிஜிவின்எஸ்இசட் ஐஆக்டில் வழியாக அளவைக் கேட்டு, கிடைத்ததை ஃபோர்க்பிடிஒய்யின் கடைசி ஆர்கியுமென்டாகக் கொடுங்கள்.

பிறகு அளவு மாறும்போது உங்களுக்கு சிக்விஞ்ச் என்ற சிக்னல் வரும். ஹேண்ட்லரில் ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, முக்கிய லூப்பில் புது அளவைக் கேட்டு மாஸ்டர் மேல் டிஐஓசிஎஸ்வின்எஸ்இசட் போடுங்கள். உள்ளே இருப்பவருக்கு சிக்விஞ்ச் அனுப்புவதை கர்னல் பார்த்துக்கொள்ளும். நீங்களாக கில் போட வேண்டாம்.

ஆங்கிலம் ஒழுங்கா வருது, தமிழ் மட்டும் நடுநடுவுல உடையுது. என் ஃபாண்ட் பிரச்சினையா?

ஃபாண்டைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் ரீட்டைப் பாருங்கள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 5 குறி, மாஸ்டரில் 15 பைட். ரீட் எந்த பைட்டில் வேண்டுமானாலும் நிற்கும். 1024 பைட் பஃபர் வைத்திருந்தால், அது 3ஆல் வகுபடாது. அப்படியே கடத்தினால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு துண்டையும் தனியாக டிகோட் செய்தால்தான் வெட்டுப்பட்ட இடத்தில் கேள்விக்குறிக் கட்டம் வரும். கடைசியில் மிச்சமுள்ள 1 அல்லது 2 பைட்டை அடுத்த ரீட்டுக்கு எடுத்து வையுங்கள்.

பேக்ஸ்பேஸ் இன்னொரு கதை. ஐயுடிஎஃப்8 கொடி இல்லையென்றால் நம் நடு ஆள் ஒரு பைட்டை மட்டும் அழித்து, அரைகுறை எழுத்தை வரியில் விட்டுவிடுவார். இருந்தால் ஒரு குறியை அழிப்பார். இதிலும் நமக்கு முழு நிம்மதி இல்லை. கேட் கட்டளையை ஓட்டி 'தமிழ்' என்று அடித்து ஒரு பேக்ஸ்பேஸ் கொடுத்துப் பாருங்கள். வரியிலிருந்து போவது புள்ளி மட்டும். ஆனால் நான் பார்த்த கர்னல்களில் திரையில் ஒரு கட்டம் முழுதாக அழியும். புள்ளிக்குத் தனிக் கட்டம் ஒதுக்காத டெர்மினலில் 'தமி' என்று தெரியும், என்டர் அடித்தால் 'தமிழ' என்று திரும்பி வரும். பாஷில் இது தெரியாது, வரித் திருத்தத்தை ரீட்லைன் தானே பார்த்துக்கொள்கிறது. ஸ்லேவுக்கு அமைப்பு கொடுக்கும்போது நிஜ டெர்மினலின் டெர்மியோஸை (கொடிகள் எல்லாம் இருக்கும் அமைப்புத் தொகுப்பு) அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் ஐயுடிஎஃப்8உம் கூடவே வந்துவிடும்.

எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டை மாஸ்டர்ல எழுதுறேன். பத்து தடவையில ரெண்டு தடவை மட்டும் ஏத்துக்குது. என்ன மாயம்?

நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் புரோகிராம் முதலில் எக்கோவை நிறுத்தும். அதற்கு டிசிஎஸ்ஏஃப்ளஷ் என்ற முறையைப் பயன்படுத்தும். அந்த முறை, அதுவரை தட்டிப் படிக்கப்படாமல் கிடக்கும் எல்லாவற்றையும் குப்பையில் போடும். உங்கள் பாஸ்வேர்டும் அதோடு போய்விட்டது. ஸ்லீப் 1 போட்டுச் சமாளிப்பது சிக்கலை வேறொரு நாளைக்குத் தள்ளிவைப்பதுதான். கேள்வி வாசகம் மாஸ்டரில் வந்ததைப் படித்த பிறகு எழுதுங்கள். எக்கோ நின்ற பிறகுதான் வாசகம் வரும் என்பதால் அது போதும். அதைவிட எஸ்எஸ்ஹெச் சாவி வைத்துக்கொள்வது நூறு மடங்கு நல்லது.

நம்பிக்கையில்லாத புரோகிராமை என் டெர்மினல்லயே ஓட்டினா ஆபத்தா?

ஆபத்துதான். டிஐஓசிஎஸ்டிஐ என்று ஒரு ஐஆக்டில் உண்டு. ஒரு புரோகிராம் தன்னை ஆளும் டெர்மினலின் இன்புட்டில், நீங்களே தட்டியது போல எழுத்துகளைத் திணிக்கலாம். அது முடிந்து போனபின் உங்கள் ஷெல் அதைக் கட்டளையாகப் படித்து ஓட்டும். ஓபன்பிஎஸ்டி 2017இல் இதைத் தூக்கிவிட்டது. லினக்ஸில் 6.2 முதல் கர்னலைக் கட்டும்போது அணைத்துவைக்க வழி இருக்கிறது. எல்லா மெஷினிலும் அணைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. தனி பிடிஒய் கொடுத்து ஓட்டினால் அது திணிப்பது அதன் ஸ்லேவுக்குள்ளேயே நிற்கும்.

கன்டெய்னருக்குள் பிறந்த மாஸ்டரை வெளியே வாங்கி வேலை செய்கிறவர்கள் பிடிஎஸ்நேம் தரும் பெயரை நம்பவே கூடாது. அதே எண் வெளியே வேறொருவரின் டெர்மினலாக இருக்கும். லினக்ஸ் 4.13இல் வந்த டிஐஓசிஜிபிடிபியர் பெயரே இல்லாமல் ஸ்லேவைத் திறந்து தரும், அதைப் பிடியுங்கள். பல த்ரெட் ஓடும் புரோகிராமிலும் பிடிஎஸ்நேம் ஆகாது, ஒரே ஸ்டாட்டிக் பஃபரைத்தான் எல்லோருக்கும் தருகிறது.

எல்லாம் செஞ்சாச்சு, இன்னும் ஓடல. எங்கிருந்து பார்க்கிறது?

இன்னொரு ஜன்னலைத் திறந்து, எஸ்டிடிஒய் கட்டளைக்குப் பெரிய எழுத்து எஃப் தேர்வில் ஸ்லேவின் பெயரைக் கொடுத்து எல்லாக் கொடிகளையும் காட்டச் சொல்லுங்கள். எக்கோ, ஐகேனன், கண்ட்ரோல்-சியை சிக்னலாக்கும் ஐசிக் எந்த நிலையில் இருக்கின்றன என்று அங்கேயே தெரியும். அப்புறம் பிஎஸ் கட்டளையில் டிடிஒய், எஸ்ஐடி, பிஜிஐடி, டிபிஜிஐடி நான்கு பத்தியையும் கேளுங்கள். டிடிஒய் இடத்தில் கேள்விக்குறி இருந்தால் செட்சிட் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். டெர்மினலின் முன்னணிக் குழுவைக் காட்டும் டிபிஜிஐடி நீங்கள் எதிர்பார்த்த குழுவாக இல்லையென்றால் கண்ட்ரோல்-சி வேறு யாரையோ போய்ச் சேருகிறது.

இரண்டும் சரியாக இருந்தால் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸை சிறிய எழுத்து எஃப் தேர்வோடு ஓட்டி, சைல்டு எந்த வரிசையில் எதைத் திறந்து எதை மூடுகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் மூட மறந்த ஒரு ஸ்லேவ் அங்கே எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும்.